மேல் பலகையில் ஒரு பைக் வால்

என் தம்பி தென்ஹோவைப் பற்றி நல்லதாகச் சொல்ல இரண்டே இரண்டு விஷயம் உண்டு. அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். வேலை நாளில் குடிக்க மாட்டான். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பான். அவ்வளவுதான், தீர்ந்தது. இனி மிச்சத்தைச் சொல்கிறேன்.

வர்கௌஸ் ஊரில், ஏரிக்குப் போகும் தெருவில் எங்களுடையது இரட்டை வீடு. ஒரே கூரை, இரண்டு வாசல். இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவன். நடுவில் சவுனா. அந்த ஆவிக்குளியல் அறைக்கு இரண்டு வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு கதவு. என் கணவர் ஆல்போவும் தென்ஹோவும் சேர்ந்து கட்டிய வீடு இது. சவுனாவை ஆளுக்கொன்றாகக் கட்டுங்கள் என்று நான் அன்றைக்கே சொன்னேன். "ஒரே குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு கல்லடுப்பு" என்றார் ஆல்போ. சொன்னவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான்தான் சனிக்கிழமைதோறும் ஐந்து மணிக்குள் குளித்து முடித்து, துடைத்து, ஏழு மணிக்கு வரும் என் தம்பித் துரைக்காக அடுப்பை அணைக்காமல் விட்டுவிட்டு வருகிறேன்.

தென்ஹோ இருபத்தாறு வருஷம் படகுப் பட்டறையில் வேலை பார்த்தான். ஃபைபர் படகுகளுக்கு அடிப்பாகம் செய்கிற வேலை. அச்சுக்குள் கண்ணாடி நார்ப்பாயை விரித்து, ரெசின் என்கிற பிசினை ஊற்றி, உருளையால் தேய்த்துத் தேய்த்துக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். மாலையில் கையெல்லாம் கண்ணாடித் தூள் குத்தி, சொறிந்துகொண்டே வருவான். அந்த ரெசின் வாடை அவன் சட்டையில், தொப்பியில், அவன் தொட்ட ரொட்டியில்கூட இருக்கும். பஸ்ஸில் அவன் பக்கத்துச் சீட் காலியாகவே வரும். அவன் மனைவி மர்யானா ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வாடை தாங்காமல்தான் போனாள் என்று ஊரே சொன்னது. சுத்தப் பொய். அந்த வாடையோடு பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள் அவள். அவன் வாயைத் திறக்காததுதான் காரணம். எங்கள் ஊரில் குறைவாகப் பேசுவது ஒரு குற்றமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை கேட்ட கேள்விக்கு வெள்ளிக்கிழமை "ம்" என்று பதில் சொன்னால் எந்தப் பெண் இருப்பாள்?

பிறகு பட்டறையை மூடினார்கள். இவன் பழைய உருளைகளையும் தூரிகைகளையும் அரை டப்பா ரெசினையும் வீட்டுக்குத் தூக்கி வந்து கராஜில் அடுக்கினான். அங்கே முப்பது வருஷமாக ஒரு பழைய ஜப்பான் பைக், எழுநூற்றைம்பது சிசி, சாக்கு மூடிக் கிடந்தது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.

அந்தப் பிப்ரவரியில், வாசலில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது நான் விஷயத்தைச் சொன்னேன். குவோபியோவில் இருக்கும் என் மகள் ஹெய்னிக்கு ஜூனில் பிரசவம். அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அடுக்கு வீடு பார்த்து வைத்திருக்கிறாள். என் பாதி வீடு விற்றால்தான் அதை வாங்க முடியும்.

"வீட்ட விக்கப் போறேன்டா."

அவன் மண்வாரியை நிறுத்தவில்லை. கால் மணி நேரம் அள்ளினான். பிறகு கேட்டான்.

"சவுனாவ எப்படி விப்ப? பாதிக் கல்லையா?"

"அதெல்லாம் தரகர் பாத்துப்பாங்க. வர்றவங்க உன்னோட சனிக்கிழமைய பங்கு போட்டுப்பாங்க. முடியாதுன்னா நீயும் வித்துட்டுப் போ."

"நான் எங்கயும் போகல."

இரண்டே பதில். அந்த மாதத்தில் அவன் பேசிய மொத்தமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரமே கராஜிலிருந்து ரம்பச் சத்தம் வர ஆரம்பித்தது. பைக்கின் பழைய சீட்டைக் கழற்றித் தூக்கி எறிந்தான். இரண்டு பேர் உட்காருகிற நீளச் சீட் அது. அந்த இடத்தில் ஒரே ஆள் உட்காருகிற மாதிரி, பின்னால் குளவியின் அடிவயிறு போலத் தூக்கி நிற்கும் ஒரு வால் வைக்கப் போகிறானாம். ஏன் ஒருத்தருக்கு மட்டும் என்று கேட்டேன்.

"பின்னால வந்து உக்கார யாரு இருக்கா?" என்றான்.

இதை என்னைக் குத்திக் காட்டத்தான் சொன்னான். நானும் சும்மா விடவில்லை. "இருந்தவளயும் நீதான் ஓட்டிவிட்ட" என்றேன். அதோடு மார்ச் மாதப் பேச்சு முடிந்தது.

வேலையில் அவனுக்கு நிகர் கிடையாது என்பதைச் சொல்லாமல் விட்டால் என்னைப் பொய்க்காரி என்பீர்கள். சமையலறை ஜன்னலில் நின்றால் கராஜ் தெரியும். தெர்மோகோல் கட்டிகளை ஒட்டி, என்னுடைய ரொட்டிக் கத்தியால்தான் செதுக்கினான். எப்போது எடுத்துப் போனான் என்றே தெரியவில்லை. கம்பளி உள்ளாடையோடு அதன் மேல் உட்கார்ந்து பார்ப்பான், எழுந்து அரை விரல் சீவுவான், மறுபடி உட்காருவான். ரெசின் பட்டால் தெர்மோகோல் கரைந்துவிடும். அதனால் பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் முழுக்கச் சுற்றினான். அதன் மேல் மெழுகு. அதன் மேல் நார்ப்பாய் மூன்று அடுக்கு. ஒவ்வொன்றையும் ரெசினில் நனைத்து உருளையால் தேய்த்தான். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பவள்கூட அவ்வளவு பொறுமையாகத் தேய்க்க மாட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்தப் பொறுமையில் கால்வாசியை மனிதர்களிடம் காட்டியிருக்கக் கூடாதா?

ஆனால் அது ஏப்ரல். கராஜில் ஆறு டிகிரி. அந்தக் குளிரில் ரெசின் இறுகாது, பிசுபிசுவென்று அப்படியே கிடக்கும். ஒரு மாதம் காத்திருந்தால் வெயில் தானே காய வைத்திருக்கும். இவனுக்கு மே முதல் தேதி ஊர்ப் பைக்குகள் எல்லாம் வரிசையாகக் கிளம்பும்போது தானும் போக வேண்டும். அதற்கு முன்னால் வண்டிச் சோதனைக்குக் கொண்டுபோய், பதிவுப் புத்தகத்தில் இரண்டு பேர் என்றிருப்பதை ஒருவர் என்று மாற்ற வேண்டும்.

எனக்கும் அவசரம். சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஹக்காலா தம்பதி வீடு பார்க்க வருகிறார்கள். அவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், அந்த அம்மா இர்மெலி பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஏற்கனவே மூன்று பேர் வந்து, பொதுச் சவுனா என்றதும் போய்விட்டார்கள். இவர்கள் மட்டும்தான் பரவாயில்லை என்றவர்கள். இவர்களும் போனால் குவோபியோ வீட்டை வேறு யாராவது வாங்கிவிடுவார்கள். ஏலக்காய் போட்டுப் பன் சுட்டு வையுங்கள், வீடு மணக்கட்டும், சவுனாவை லேசாகச் சூடு பண்ணி வையுங்கள் என்று தரகர் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை காலை, பலகைகளைத் தேய்த்துக் கழுவலாம் என்று வாளியோடு சவுனாக் கதவைத் திறந்தேன். மேல் பலகையில், நான் உட்காரும் இடத்தில், அவனுடைய வால் உட்கார்ந்திருந்தது. அடுப்பு நாற்பது டிகிரியில் எரிந்துகொண்டிருந்தது. ரெசின் வாடை மூக்கைப் பொசுக்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எங்கள் அப்பா பிறந்ததே ஒரு சவுனாவில்தான். உள்ளே கெட்ட வார்த்தை பேசக் கூடாது, கதவை அறையக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அன்றைக்கு நான் இரண்டையும் செய்தேன்.

"டேய் தென்ஹோ! வெளிய வாடா!"

அவன் தன் பக்கத்துக் கதவில், காபிக் கோப்பையோடு வந்து நின்றான்.

"சத்தம் போடாத. காயுது."

"இது என்ன உங்கப்பன் வீட்டுப் பட்டறையா?"

"உனக்கும் அவர்தான் அப்பா. பட்டறையில சூட்டு அறை இருந்துச்சு. இங்க இதுதான் இருக்கு. நாப்பது டிகிரிதான், வெள்ளிக்கிழமை எடுத்துருவேன். காத்துத் துவாரத்தத் திறந்து வெச்சிருக்கேன், மூடாத. சனிக்கிழமைக்குள்ள வாசம் போயிரும்."

"வாசமா இது? வேணும்னே பண்றடா. நான் வித்துட்டுப் போயிருவேன்னு வயித்தெரிச்சல்."

அவன் காபியைக் குடித்து முடித்தான். "போறவங்களப் பத்தி எனக்கு என்ன எரிச்சல்" என்றான். கதவைச் சாத்திக்கொண்டான்.

வியாழக்கிழமை அந்த வாடை என் சமையலறைக்கே வந்துவிட்டது. பன் மாவைப் பிசைந்தால் மாவில் ரெசின் மணக்கிற மாதிரி இருந்தது. பதினோரு மணிக்குத் தென்ஹோ சீட்டுக்குப் பஞ்சு வாங்க அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினான். அவன் தலை மறைந்ததும் நான் சவுனாவுக்குள் போனேன்.

இங்கே பிறந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சளியோ, முதுகு வலியோ, துக்கமோ, சண்டையோ, எதுவாக இருந்தாலும் நன்றாகச் சூடேற்றி, கல் மேல் தண்ணீர் ஊற்றினால் போய்விடும். என் கை கால் எல்லாம் அந்த நம்பிக்கையிலேயே ஊறியது. அழுக்கு போகும், பேய்கூடப் போகும், இந்த நாற்றம் போகாதா? அடுப்பைக் கடைசி எண் வரைக்கும் திருகினேன். சூடு வீணாகக் கூடாது என்று காற்றுத் துவாரத்தை மூடினேன். சவுனா சூடாகும்போது எல்லாரும் மூடுவதுதான், கை தானாகப் போய் மூடியது. கல் பழுத்ததும் வாளித் தண்ணீரில் மணத்துக்காக மரக் கீல் எண்ணெய் கலந்து கரண்டி கரண்டியாக ஊற்றினேன்.

அந்த வாலை நான் பார்க்காமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். மூன்று கிலோகூட இருக்காது. ஒரு கையால் தூக்கிக் கராஜில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சூட்டில் அதற்கு ஏதாவது ஆனால் ஆகட்டும் என்றுதான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தேன். முகத்தில் அடித்த ஆவியில் கீல் மணம் கொஞ்சம் இருந்தது, மிச்சமெல்லாம் ரெசின். முன்னை விட மோசம். மேல் பலகையில் அந்த வால், நனைந்த தொப்பி மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. உள்ளே இருந்த தெர்மோகோல் சுருங்கிப் போயிருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் அவன் வரும் வரைக்கும்தான்.

அவன் பஞ்சு மூட்டையோடு உள்ளே வந்தான். வாலைப் பார்த்தான். விரலால் ஒரு தட்டுத் தட்டினான். நான் சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்து நின்றேன். அவன் வாலை விட்டுவிட்டுச் சுவர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தான்.

"தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன்."

"துவாரத்த மூடிட்டியா?"

"பின்ன, திறந்து வெச்சா ஊருக்குச் சூடேத்துவாங்க?"

"நல்லது. ரெசின் முழுசா இறுகல. தொண்ணூறு டிகிரியில எல்லாம் ஆவியா கிளம்பி, போக வழியில்லாம பலகைக்குள்ள போயிருச்சு. விட்டிருந்தா ரெண்டு நாள்ல காத்தோட போயிருக்கும். இனி மாசக்கணக்கா நாறும்." மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான். "வீட்டக் காட்டு, போ."

கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்டேன். ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்கச் சோடா உப்பும் வினிகரும் போட்டுப் பலகையைத் தேய்த்தேன். அவன் பக்கத்தில் ஏதோ வண்டி வந்து நிற்கிற சத்தமும், சாமான் இறக்கும் சத்தமும் கேட்டது. இன்னொரு பைக்குச் சாமான் என்று நினைத்து அவனைச் சபித்தேன்.

சனிக்கிழமை ஹக்காலா தம்பதி இரண்டு மணிக்குச் சரியாக வந்தார்கள். பன் பிரமாதம் என்றார்கள். படுக்கையறை பிடித்தது, ஏரி தெரிகிற ஜன்னல் பிடித்தது. கடைசியில் சவுனாக் கதவைத் திறந்தேன். இர்மெலி உள்ளே தலையை நீட்டி, மூக்கைச் சுருக்கினார்.

"இது என்ன வாசம்?"

அந்த நேரத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'ஒரு தப்பு நடந்துபோச்சு, சரி பண்ணித் தர்றேன்' என்றால் போதும். நான் சொல்லவில்லை. நாற்றத்துக்கு ஒரு குற்றவாளி வேண்டும், குற்றவாளி பக்கத்து வீட்டிலேயே இருந்தான்.

"எல்லாம் என் தம்பி வேலைங்க. பக்கத்துப் போர்ஷன்ல இருக்கானே, அவன்தான். பைக்குக்கு வால் செய்றானாம், அதை இங்க கொண்டு வந்து காய வெச்சான். கேட்டா எதிர்த்துப் பேசுவான், இல்லன்னா வாயே திறக்க மாட்டான். பொண்டாட்டி தாங்காம ஓடிட்டா. என் கத்தியத் திருடிட்டுப் போவான். விடிஞ்சா ரம்பம். அவனோட ஒரே கூரைக்குக் கீழ மனுஷி இருக்க முடியாதுங்க. நான் முப்பது வருஷம் பொறுத்தேன்."

ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மர்யானாவில் தொடங்கி, ஆல்போவின் சவ அடக்கத்தில் இவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதது வரை எல்லாவற்றையும் கொட்டினேன். பத்து நிமிஷமாவது பேசியிருப்பேன். அடுப்பைத் திருகியது நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. சவுனாவின் அந்தப் பக்கக் கதவு பாதி திறந்திருந்ததையும், அங்கே தென்ஹோ சுத்தமான சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு நின்றதையும் பிறகுதான் பார்த்தேன்.

ஹக்காலா தொண்டையைச் செருமினார். மனைவியைப் பார்த்தார். இர்மெலி தன் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"வாசம் ஒரு பிரச்சினையே இல்லங்க" என்றார் இர்மெலி, மெல்ல. "இவருக்கு ரயில் டீசல் வாசமே பழக்கம். வேணும்னா பலகைய மாத்திக்கலாம். ஆனா பக்கத்துல இருக்கறவர மாத்த முடியாதே. நீங்க கூடப் பிறந்தவங்க, நீங்களே இப்படிச் சொல்றீங்க. நாங்க யாரோ எவரோ. இந்த வயசுல எங்களுக்கு எதுக்குங்க வம்பு?"

"இல்லங்க, அவன் அவ்வளவு மோசம்னு இல்ல—"

"பன் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார் ஹக்காலா. போய்விட்டார்கள். கார் தெரு முனை திரும்பும் வரை நான் வாசலில் நின்றேன்.

உள்ளே வந்தபோது தென்ஹோ மேல் பலகையை விரலால் சுரண்டி மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒட்டுக் கேக்கத்தான் தலை வாரிட்டு வந்தியா?" என்றேன். அப்போதும் எனக்கு வாய் அடங்கவில்லை.

"பின் சுவருக்கும் மேல் பெஞ்ச்சுக்கும் பலகை வாங்கி வெச்சிருக்கேன். நேத்தே வந்துருச்சு. ஒரு வாரத்துல மாத்தித் தர்றேன், என் தப்புதான்னு அவங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன்."

நான் கீழ்ப் பலகையில் உட்கார்ந்தேன்.

"நீ பேச விட்டாத்தான." அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "நான் ஒண்ணும் கெடுக்கல அக்கா. நீயே வித்து முடிச்சிட்ட."

"இப்ப மாத்தேன் அந்தப் பலகைய."

"எதுக்கு? இருவத்தாறு வருஷம் இந்த வாசத்துலதான் இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

அந்தப் பலகைகளை வைத்துக் கராஜில் அலமாரி அடித்துக்கொண்டான். மே முதல் தேதி ஊர்ப் பைக்குகள் எல்லாம் கிளம்பிய சத்தம் ஏரி வரைக்கும் கேட்டது. அவன் தோட்டத்தில் உட்கார்ந்து பழைய இலைகளை வாரிக்கொண்டிருந்தான். அந்த வாரமே குவோபியோ வீட்டை ஓர் இளம் ஜோடி வாங்கிவிட்டதாக ஹெய்னி போனில் அழுதாள். மே கடைசியில் வெயில் வந்ததும் புதிதாக ஒரு தெர்மோகோலைச் செதுக்கி, புது வால் செய்து கராஜிலேயே காய வைத்தான். அதை மாட்டிக்கொண்டு வண்டிச் சோதனைக்குப் போய் வந்தான். வந்ததும் புத்தகத்தை என் சமையலறை ஜன்னலில் ஒட்டினாற்போல் பிடித்துக் காட்டினான். இருக்கை எண்ணிக்கை: ஒன்று. எனக்குப் படிக்கத் தெரியும் என்றேன்.

ஜூனில் ஹெய்னிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் வாரம் ஒரு முறை பஸ்ஸில் போய், சாயங்காலத்துக்குள் திரும்பி வருகிறேன். இங்கே புதிதாக வீடு பார்க்க யாரும் வருவதில்லை. ஹக்காலா தம்பதி ஊரில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, கேட்டதைத்தான் சொன்னார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பதை நான் மற்றவர்களுக்குத்தான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தென்ஹோவோடு ஒரே கூரைக்குக் கீழே யாராலும் இருக்க முடியாது என்று நான் சொன்னதை ஊரே நம்பிவிட்டது. இனி அவனோடு இருக்க என்னை விட்டால் ஆள் இல்லை.